பரிசோதனைச் சீட்டு: மூலமும் உரையும்

பரிமேலழகரைக் காஞ்சிக்காரர் என்று சொல்லும் மரபு ஒன்று உண்டு. அது உண்மையானால் உரை எழுதுவது இந்த ஊருக்குப் பழகிய தொழில். நான் எடுத்துக்கொண்ட மூலத்துக்கு அத்தனை பெருமை கிடையாது. அது மாஸ்டர் செக்கப் முடிந்ததும் கையில் கொடுக்கும் ஒரு சீட்டு. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களிலிருந்து சுற்றுக் கிராமத்து விவசாயிகள் வரை இத்தகைய சீட்டுகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் போய்வருகிறார்கள். பலரும் அதில் தேடுவது ஒன்றைத்தான்: தடித்த எழுத்தில் ஏதாவது அச்சாகியிருக்கிறதா? இல்லையென்றால் நிம்மதி.

கீழே உள்ள மூலம் எவருடையதும் அல்ல, எந்த மருத்துவமனையின் தாளும் அல்ல. உரைக்கு வசதியாக நானே கோத்தது. எண்கள் கற்பனை. ஆனால் எந்த லேபிலும் கேட்டுப்பாருங்கள், இப்படி ஒரு சீட்டை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

மூலம்:

வயது 44. பெண். தொழில்: இல்லத்தரசி.
உயரம் 152 செ.மீ. எடை 56 கிலோ. பி.எம்.ஐ. 24.2. நார்மல்.
இடுப்புச் சுற்றளவு: ______
பி.பி. 134/86.
வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. எச்.பி.ஏ.1.சி. 6.1. ஹீமோகுளோபின் 9.8.
மொத்தக் கொலஸ்ட்ரால் 196. ட்ரைகிளிசரைடு 188. எச்.டி.எல். 38. எல்.டி.எல். 120.
டி.எஸ்.எச். 5.6.
எஸ்.ஜி.பி.டி. 46. ஸ்கேன்: கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1.
அறிவுரை: எடையைக் குறைக்கவும். வாக்கிங் போகவும். எண்ணெயைக் குறைக்கவும்.

இனி உரை.

"வயது 44. பெண். தொழில்: இல்லத்தரசி."

'வேலைக்குப் போறீங்களா?' என்று கேட்டிருப்பார்கள். 'இல்லைங்க, வீட்டுலதான்' என்று அவர் சொல்லியிருப்பார். அவருடையது தறி வைத்திருக்கும் வீடு என்று கொள்வோம். அங்கே அந்த 'வீட்டுலதான்' என்பதற்குள் ஒரு முழுநேர வேலை அடங்கியிருக்கிறது. தறிக்கு வேண்டிய நூலைத் தாரில் சுற்ற வேண்டும். கோர்வைப் புடவை என்றால் நெய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு உள்ள நாடாவைத் தள்ள வேண்டும். கூலி கணவர் பெயரில் வரும். ஆகவே சீட்டில் தொழில் இல்லை.

மருத்துவத்துக்கு இது ஏன் வேண்டும்? இந்த வேலை முழுக்க உட்கார்ந்த வேலை. கை ஓயாது, கண் ஓயாது, ஆனால் இடுப்புக்குக் கீழே பெரிய தசைகள் நாள் முழுவதும் சும்மா இருக்கும். சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை ரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் வேலையில் பெரும்பங்கு தசைகளுடையது. அவை அசையாதபோது அந்த வேலை தேங்கும். அலுப்பு வேறு, உடலுழைப்பு வேறு. மாலையில் முதுகு விண்டுபோகிற அளவுக்கு வேலை செய்தவரிடம் 'உங்களுக்கு உடலுழைப்பு இல்லை' என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் வாய் வராது. ஆனாலும் அதுதான் நிலை.

44 என்ற வயதும் சும்மா நிற்கவில்லை. மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தை நெருங்க நெருங்க ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதுவரை தொடையிலும் பின்புறத்திலும் தங்கிய கொழுப்பு வயிற்றுப் பக்கம் இடம் மாறத் தொடங்கும். தராசு முள் நகராமலே இது நடக்கலாம்.

"உயரம் 152 செ.மீ. எடை 56 கிலோ. பி.எம்.ஐ. 24.2. நார்மல்."

56 கிலோவை 1.52 மீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால் 24.2 வருகிறது. கணக்கு சரி. இதில் உயரம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க. கொண்டையை அவிழ்க்காமல் அளந்து நாலு சென்டிமீட்டர் கூட எழுதிவிட்டால் அதே பெண்ணுக்கு 23 வந்துவிடும். உயரம் அளப்பதை வாட்ச்மேன் வேலையாகப் பலர் நினைக்கிறார்கள். இந்தச் சீட்டிலேயே மிகவும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலைகளில் அது ஒன்று.

இந்தச் சூத்திரத்தின் கதை சுவையானது. 1832இல் இதைச் சொன்ன அடால்ப் கெட்லே பெல்ஜியத்துக்காரர், வானியலும் கணிதமும் படித்தவர். அவருக்கு நோயைப் பற்றி அக்கறை இல்லை. மனிதக் கூட்டத்தில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். வளர்ந்த மனிதர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று கண்டார், அவ்வளவுதான். 140 வருஷம் கழித்து, 1972இல், அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் ஐந்து நாட்டு ஆண்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேரின் அளவுகளை வைத்து, கொழுப்பை ஊகிக்க இருக்கிற எளிய கணக்குகளில் இதுவே தேவலை என்று சொல்லி, பி.எம்.ஐ. என்ற பெயரையும் சூட்டினார். அந்த ஆய்வில் பெண் ஒருத்தியும் இல்லை. அவரும் இதைக் கூட்டத்துக்கான அளவாகத்தான் சொன்னார், ஓர் ஆளின் நோயைத் தீர்மானிக்க அல்ல.

பட்டுப் புடவையைத் தராசில் வைத்தால் எடை தெரியும், பட்டு எவ்வளவு ஜரிகை எவ்வளவு என்று தெரியாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும் என்பது காஞ்சிபுரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உடம்பின் எடையும் அப்படித்தான். எலும்பு, தசை, நீர், கொழுப்பு எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை அது. 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு பக்கக் கட்டுரை வந்தது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டிருந்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். நம்மவர்கள் ஒல்லியாக இருந்துகொண்டே கொழுத்திருக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான நிரூபணம் நான் பார்த்ததில்லை.

இனி 'நார்மல்' என்ற சொல். சீட்டு அச்சடித்த மென்பொருளில் 18.5 முதல் 24.9 வரை நார்மல் என்று பதிந்திருக்கும். அது உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவு. அதே நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல், ஆசியர்களுக்கு 23லிருந்தே கவனம் வேண்டும் என்றது. 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25 முதல் உடல் பருமன் என்று வகுத்தார்கள். ஆகவே இந்தப் பெண் இந்தியாவில் நார்மல் அல்ல. இப்படி வகுத்துப் பதினைந்து ஆண்டு தாண்டியும் சீட்டுகளில் பழைய எல்லையே அச்சாகிக்கொண்டிருப்பதற்கு மருத்துவக் காரணம் ஏதும் கிடையாது. மென்பொருளில் ஓர் எண்ணை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

தெருவில் கேட்டாலும் இவரைக் குண்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'பூசினாப்பல நல்லா இருக்கா' என்பார்கள். ஊர்க்கண்ணும் சீட்டும் ஒரே தீர்ப்பைச் சொல்வதால் அதை மாற்றுவது இன்னும் கடினமாகிறது.

"இடுப்புச் சுற்றளவு: ______"

செய்யுளில் ஒரு சொல் மறைந்து நின்றால் அதை வருவித்துப் பொருள் சொல்வது உரைகாரர் வழக்கம். இங்கே வருவிக்க முடியாது. அளக்கத்தான் வேண்டும். மூலம் முழுவதற்கும் பொருள் இந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

முதலில் அளக்கும் விதம். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். பாதங்கள் சேர்ந்திருக்க வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்ட நேரத்தில் படிக்க வேண்டும், வயிற்றை எக்கக் கூடாது. பாவாடை நாடா கட்டும் இடமோ பேன்ட் அளவோ இது அல்ல. கணவரின் பேன்ட் சைஸ் 34 என்றால் இடுப்பும் 34 அங்குலம் என்று நினைத்துக்கொள்கிறோம். தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிறவர்களுக்கு அந்த எண் பத்து வருஷமானாலும் மாறாது.

ஏன் காலியாக இருக்கிறது? புடவையைத் தளர்த்த ஒரு மறைப்பு வேண்டும், அளக்க ஒரு பெண் ஊழியர் வேண்டும், இரண்டு நிமிஷம் வேண்டும். வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பதில்லை. இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். டேப் அளவுக்குத் தனியாகக் கட்டணம் போட முடியாது. கட்டணம் இல்லாத சோதனைக்குச் சீட்டில் இடம் இருந்தாலும் பேனாவில் மை இருப்பதில்லை.

வயிற்றுக் கொழுப்புக்கு ஏன் இத்தனை மரியாதை? 1947இல் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ஜான் வாக், கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்று எழுதினார். வயிற்றில் சேர்பவர்களுக்குச் சர்க்கரையும் இதய நோயும் வருகின்றன, தொடையில் சேர்பவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்றார். காரணம் பின்னால் விளங்கியது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கலக்கின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் விடுகிறது, மிச்சத்தைத் தன்னிடமே சேர்த்துக்கொள்கிறது. இன்சுலின் சொன்னால் கேட்காமல் சர்க்கரையையும் வெளியே தள்ளுகிறது. சீட்டின் கீழ்ப்பாதி முழுவதும் இந்த ஒரு பாதையின் விளைவுகள்.

நம்மவர்க்கு எல்லை, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. இன்னொரு எளிய வழியும் உண்டு: இடுப்பு, உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இவருக்கு அது 76. இந்த இரண்டாவது வழிக்கு அளவுகோலே வேண்டாம். தன் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி இரண்டாக மடித்து இடுப்பில் சுற்றிப்பார்த்தால் போதும்.

ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. பி.எம்.ஐ. 25ஐ எட்டியவர்கள் இந்தியாவில் 25 கோடி என்று அது மதிப்பிட்டது. இடுப்பு எல்லையைத் தாண்டியவர்கள் 35 கோடி. இரண்டுக்கும் இடையே இருக்கிற பத்துக் கோடியை இந்தச் சீட்டின் வெற்றிடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவர்களைத் தராசு காட்டிக்கொடுக்காது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு நாலு பேர் 25ஐத் தொட்டவர்கள் என்றது. அந்த நாலு பேரிலும் நம் பெண் இல்லை.

சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு 2005இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. ரத்தமே எடுக்காமல் நாலு விஷயத்தைக் கேட்டு, சர்க்கரை வரும் ஆபத்தைச் சொல்வது அது. வயது, இடுப்பு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்பவை அந்த நாலு. அறுபதும் அதற்கு மேலும் என்றால் ஆபத்து அதிகம். நம் பெண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம். 35 முதல் 49 வரை வயதுக்கு 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை என்பதற்கு 30. பெற்றோருக்குச் சர்க்கரை இல்லை என்றே வைத்துக்கொள்வோம், 0. மொத்தம் 50. இடுப்பு 80க்குள் என்றால் அதோடு நின்றுவிடும். 80 முதல் 89 வரை என்றால் இன்னும் 10 சேர்ந்து அறுபது ஆகிவிடும். ஒரு டேப் அளவு ஆளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிறுத்துகிறது.

2025 ஜனவரியில் இரண்டு அறிக்கைகள் வந்தன. பிரான்செஸ்கோ ரூபினோ தலைமையில் 58 நிபுணர்கள் சேர்ந்த 'லான்செட்' குழு, பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து உடல் பருமன் என்று தீர்மானிக்கக் கூடாது என்றது. கூடவே இடுப்பையாவது அளக்க வேண்டும், அல்லது கொழுப்பையே நேராக அளக்க வேண்டும். பிறகு, அந்தக் கொழுப்பு உறுப்புகளைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெடுத்திருந்தால் அது நோய். கெடுக்காதவரை அது நோய்க்கு முந்தைய நிலை. அனூப் மிஸ்ரா முதலிய இந்திய மருத்துவர்கள் அதே மாதத்தில் வெளியிட்ட திருத்தமும் ஏறக்குறைய இதே வழியில் போகிறது. பி.எம்.ஐ. 23ஐத் தாண்டி, உறுப்புகளுக்குக் கெடுதல் இல்லையென்றால் முதல் நிலை. வயிற்றுக் கொழுப்பும் சேர்ந்து, அதனால் வரும் நோயோ உடல் தொல்லையோ இருந்தால் இரண்டாம் நிலை. நம் பெண் எந்த நிலை என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. சீட்டில் அந்த இடம் காலி.

"பி.பி. 134/86."

ஒருமுறை அளந்ததை வைத்துப் பி.பி. நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது. நம் நாட்டு வழக்கப்படி 140/90 எல்லை, அதை இவர் எட்டவில்லை. கைப்பட்டையின் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். தடித்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு இல்லாத பி.பி.யை உண்டாக்க இதைவிட எளிய வழி இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறார்கள். பஸ் பிடித்து, படி ஏறி, வரிசையில் நின்று கொடுத்த அளவைவிட வீட்டில் உட்கார்ந்து கொடுத்த அளவை நான் அதிகம் நம்புவேன்.

"வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. எச்.பி.ஏ.1.சி. 6.1. ஹீமோகுளோபின் 9.8."

மூன்றையும் ஒரே வரியில் வைத்தது நான் வேண்டுமென்றே செய்தது. சீட்டுகளில் இவை தனித்தனிப் பக்கத்தில் கிடக்கும், அதனால்தான் சேர்த்துப் படிக்கப்படுவதில்லை.

108 என்றால் என்ன? அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் 100 முதல் 125 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது 110இல்தான் தொடங்குகிறது. ஆக அதே ரத்தம் ஒரு புத்தகத்தில் எச்சரிக்கை, இன்னொன்றில் இயல்பு. சரி, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி.யைக் கேட்போம் என்றால் 6.1 என்கிறது. 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை. தீர்ந்தது என்று மூடிவிடலாமா?

முடியாது. ஹீமோகுளோபின் 9.8. இது ரத்தசோகை. எச்.பி.ஏ.1.சி. என்பதே ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தவர்களுக்குப் புதுச் சிவப்பணுக்கள் குறைவாகவே உண்டாகும், இருப்பவை வயதானவை. நெடுநாள் சுற்றிய அணுவில் அதிகச் சர்க்கரை ஒட்டியிருக்கும். ஆகவே எண் உண்மையைவிடக் கூடித் தெரியலாம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதை நினைத்தால் இது அபூர்வமான சிக்கல் அல்ல. இதற்கு வழி பழைய சோதனைதான்: 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுப்பது. 140 முதல் 199 வரை வந்தால் முந்தைய நிலை, 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய்.

உடம்பில் கொழுப்பு மிகுந்தும் ரத்தம் குறைந்தும் ஒருவர் எப்படி இருக்க முடியும் என்று கேட்பார்கள். தட்டில் சோறு நிறைய, கீரையும் பருப்பும் முட்டையும் குறைவு என்றால் இரண்டும் சேர்ந்தே வரும். போதாக்குறைக்கு, மிகுந்த கொழுப்பு உண்டாக்கும் மெல்லிய அழற்சியால் ஹெப்சிடின் என்ற பொருள் கல்லீரலில் கூடி, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது.

"மொத்தக் கொலஸ்ட்ரால் 196. ட்ரைகிளிசரைடு 188. எச்.டி.எல். 38. எல்.டி.எல். 120."

எல்லாரும் முதல் எண்ணைப் பார்ப்பார்கள். 200க்குக் கீழே, அப்பாடா. கெட்ட கொலஸ்ட்ரால் என்று பேர் வாங்கிய எல்.டி.எல்.லைப் பல லேபுகள் அளப்பதில்லை, கணக்குப் போடுகின்றன. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது 1972இல் வந்த பிரீட்வால்ட் சூத்திரம். 196இலிருந்து 38 போய், 37.6 போனால் 120.4. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும்.

இங்கே கதை சொல்லும் எண்கள் நடுவில் இருப்பவை. ட்ரைகிளிசரைடு 150க்குக் கீழே இருக்க வேண்டும், இவருக்கு 188. எச்.டி.எல். பெண்களுக்கு 50ஆவது இருக்க வேண்டும், இவருக்கு 38. ஒன்று ஏற, ஒன்று இறங்க நிற்கும் இந்த ஜோடி இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் கைரேகை. இதற்கு மேல் 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் பேக்கேஜ்' என்று விற்கும் சோதனைகளுக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இவருக்கு இல்லை.

2005இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வளர்சிதைக் கோளாறு (மெட்டபாலிக் சிண்ட்ரோம்) எது என்று விதி செய்தபோது இடுப்பளவைக் கட்டாயமாக்கியது. அது இருந்தால்தான் மற்றவற்றை எண்ணலாம். 2009இல் பல அமைப்புகள் கூடி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. இடுப்பும் சேர்த்து ஐந்தில் எந்த மூன்று இருந்தாலும் போதும் என்றன. எண்ணிப்பாருங்கள்: பி.பி. 130/85க்கு மேல், சர்க்கரை 100க்கு மேல், ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், எச்.டி.எல். 50க்குக் கீழ். இடுப்பை அளக்காமலே நாலு வந்துவிட்டது. தடித்த எழுத்து எங்கும் இல்லாத ஒரு சீட்டில் ஒரு முழு நோய்க்கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வோர் எண்ணும் 'கொஞ்சம்தான் கூட' என்று சொல்லிக்கொண்டு.

"டி.எஸ்.எச். 5.6."

இந்த ஒரு வரி கிடைத்தால் போதும், வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வரும். 'அதானே பார்த்தேன், தைராய்டு!' சோற்றின் மேலும் சோம்பலின் மேலும் விழவிருந்த பழி ஒரு சுரப்பியின் மேல் போய்விட்டது. ஆனால் டி.எஸ்.எச். 4.5க்கு மேல் இப்படிச் சற்றே கூடியிருப்பது பல சமயம் உடல் பருமனுக்குக் காரணம் அல்ல, அதன் விளைவு. கொழுப்பணுக்கள் விடும் லெப்டின் மூளையைத் தூண்டி டி.எஸ்.எச்.சைக் கூட்டுகிறது. எடை குறைந்தால் அதுவும் தானே இறங்கிவிடுவதுண்டு. உண்மையிலேயே தைராய்டு சுணங்கினாலும் அதனால் கூடும் எடை சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். ஃப்ரீ டி4, ஆன்டி-டி.பி.ஓ. என்ற தைராய்டுச் சோதனைகளையும் பார்த்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்த பிறகு மாத்திரையைப் பற்றிப் பேசலாம்.

சுரப்பிக் கோளாறு என்று தேடுவதானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தறிக்காரர் வீடுகளில் முதுகு வலியும் முழங்கால் வலியும் சாதாரணம். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் வலி மாத்திரையிலோ பெயர் ஒட்டாத பொட்டலப் பொடியிலோ ஸ்டீராய்டு இருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உருண்டு, வயிறு மட்டும் பெருத்து, கை கால் மெலியும். வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும். 'வலிக்கு என்ன சாப்பிடுறீங்க, அந்த அட்டையைக் காட்டுங்க' என்ற ஒரு வாக்கியம் பாதி ஹார்மோன் சோதனைகளை மிச்சப்படுத்தும். இந்தச் சீட்டில் மாத்திரைக்கு ஒரு வரியே இல்லை. குறட்டைக்கும் இல்லை. கழுத்து மடிப்பில் கறுப்புப் படிந்திருக்கிறதா என்பதற்கும் இல்லை. மூன்றும் கேட்டோ பார்த்தோ அறிய வேண்டியவை.

"எஸ்.ஜி.பி.டி. 46. ஸ்கேன்: கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1."

'கிரேடு 1தானே, எல்லாருக்கும் இருக்கு' என்பது ஸ்கேன் அறையின் வழக்கமான ஆறுதல். எல்லாருக்கும் இருக்கிறது என்பதுதான் கவலை. அல்ட்ராசவுண்டில் கண்ணுக்குப் படும்போதே கல்லீரலில் கொழுப்பு கணிசமாகச் சேர்ந்துவிட்டது என்று பொருள். கொஞ்சமாக இருந்தால் அந்தக் கருவிக்குத் தெரியாது. இந்த நோய்க்கு 2023இல் உலக அளவில் பெயரையே மாற்றிவிட்டார்கள். முன்பு 'மதுவால் வராத' என்று எதிர்மறையில் இருந்தது, இப்போது வளர்சிதைக் கோளாற்றால் வருவது என்று காரணத்தைச் சொல்கிறது. வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொடாத பெண்ணிடம் 'குடிப்பீங்களா' என்று கேட்ட சங்கடம் இனியாவது குறையலாம்.

கொழுப்பு இருப்பதைவிடக் கல்லீரல் தழும்பேறுகிறதா என்பது பெரிய கேள்வி. அதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் இருந்தால் போதும், 1.3க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. நம் சீட்டில் எஸ்.ஜி.ஓ.டி.யும் பிளேட்லெட்டும் இல்லை. ஸ்கேனுக்குச் செலவழித்ததில் சிறு பங்கு போதும் இவற்றுக்கு.

"அறிவுரை: எடையைக் குறைக்கவும். வாக்கிங் போகவும். எண்ணெயைக் குறைக்கவும்."

மேலே நார்மல் என்று எழுதிவிட்டுக் கீழே எடையைக் குறைக்கச் சொல்வது முன்னுக்குப் பின் முரண். அச்சு வார்ப்பில் எல்லாருக்கும் வரும் வரி இது என்று கொள்க. எவ்வளவு குறைக்க? ஐந்து சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். இவருக்கு அது 2.8 கிலோ. 53 கிலோவுக்குச் சற்று மேல் நின்றால் பி.எம்.ஐ. 23க்கு வந்துவிடும். 'எடையைக் குறைக்கவும்' என்ற கட்டளை மலைப்பைத் தருகிறது. மூன்று கிலோ என்று சொன்னால் வழி தெரிகிறது. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த, எடை குறைக்கும் டிர்ஸெபடைடு ஊசியைப் பற்றி இவரும் கேள்விப்பட்டிருப்பார். ஆனால் அது பி.எம்.ஐ. 30ஐத் தொட்டவர்களுக்கு, அல்லது கூடவே நோயும் இருந்து 27ஐத் தொட்டவர்களுக்கு. இவருக்குரியது அல்ல.

எண்ணெய் குறைப்பதில் தவறில்லை. ஆனால் ட்ரைகிளிசரைடு கூடி, எச்.டி.எல். குறைந்து, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்த இந்த ஜாடைக்கு முதல் சந்தேகம் எண்ணெய்ச் சட்டியின் மேல் அல்ல, சோற்றுக் குண்டானின் மேல் விழ வேண்டும். இந்தியர்கள் உண்ணும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் அதே இந்தியாப் குழு சொன்னது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி மீண்டும் இட்லி அல்லது சோறு, நடுவே சர்க்கரை போட்ட டீ மூன்று தடவை. மிகுந்த மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும், அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். மதியச் சோற்றில் கால் பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ வைப்பது இவருடைய ரத்தசோகைக்கும் உதவும். பஜ்ஜியை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொள்வதால் பயனில்லை.

வாக்கிங் விஷயத்தில், வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விடியற்காலையில் ஷூ போட்டுக்கொண்டு ஏனாத்தூர்ச் சாலையில் நடப்பது தார் சுற்றும் பெண்ணுக்கு நடக்கிற காரியமா? தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, தறிக்கு உட்காருகிற வீட்டில் அந்த நேரம் யாருக்கும் சொந்தமில்லை. சாப்பிட்டதும் பத்து நிமிஷம் தெருவில் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அந்த வேளையின் சர்க்கரை ஏற்றம் குறையும். மூன்று வேளைக்கும் சேர்த்து அரை மணி ஆகிவிடும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, நாற்காலியில் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தாலும் தொடைத் தசை விழிக்கும்.

மீண்டும் எப்போது வர வேண்டும் என்று சீட்டில் இல்லை. எழுதியிருந்தால் இப்படி எழுதியிருக்கலாம்: முதலில் இரும்புச் சத்துக்கு ஃபெரிட்டின் பார்த்து ரத்தசோகைக்கு மருந்து தொடங்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனை, அதே நாளில் எஸ்.ஜி.ஓ.டி.யும் பிளேட்லெட்டும், கூடவே டேப் அளவு. மூன்று மாதத்தில் டி.எஸ்.எச்.சும் கொலஸ்ட்ராலும் திரும்ப. ரத்தம் ஏறி, புதுச் சிவப்பணுக்கள் வந்து நிலைப்பதற்கு அவற்றின் ஆயுளான 120 நாளாவது ஆக வேண்டும். அதற்கு முன்னால் எச்.பி.ஏ.1.சி.க்குப் பணம் கட்ட வேண்டாம்.